95 சதவீதம் என்றவரா, 'திறந்து பார்த்தால்தான் தெரியும்' என்றவரா?

கேள்வி: எனக்கு வயது 42. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தபின் வாசக்டமி செய்துகொண்டேன். 11 வருடம் ஆகிறது. இப்போது மறுமணம் ஆகியிருக்கிறது. மனைவிக்கு 34 வயது, அவருக்குக் குழந்தை இல்லை. விந்துக்குழாயை மறுபடி இணைப்பதற்காக இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர், "சின்ன ஆபரேஷன்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், 95 சதவீதம் வெற்றி" என்றார். இன்னொருவர் என்னைப் பரிசோதித்துவிட்டு, "திறந்து பார்த்தால்தான் எந்த மாதிரி இணைப்பு என்று சொல்ல முடியும், மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகலாம்" என்றார். முதலாமவர் பேச்சு தெம்பாக இருந்தது. யாரிடம் போகலாம்? 'இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்' என்று ஒரு டாக்டரைக் கேட்பது மரியாதைக் குறைவா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். இந்த ஆபரேஷனை விடாமல் செய்துவருபவருக்கு அது பழகிய கேள்வி. பதில் சொல்லாமல் முகம் சுளித்தால் நீங்கள் இன்னொருவரைத் தேடலாம்.

சரி, அந்த இரண்டாவது டாக்டர் ஏன் எதையும் அடித்துச் சொல்லவில்லை? விரைக்கு மேலே விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தால் முறுக்கேறிய நூல்கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அதுதான் விந்துக்குழாய். வெளிப்பருமன் 2, 3 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் விந்தணு போகிற உள்துளை சுமார் 0.3 மில்லிமீட்டர்தான், பேனாவால் வைத்த புள்ளியைவிடச் சிறியது. முன்பு வெட்டிக் கட்டிய இடத்தில் தழும்பு இறுகியிருக்கும். அதை எடுத்துவிட்டு, நல்ல திசு தெரியும்வரை இரண்டு முனைகளையும் சீவி, துளையோடு துளை பொருந்தும்படி தைக்க வேண்டும். தைக்கிற நைலான் இழை தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இத்தனை வருட அழுத்தத்தில் விரைப் பக்கத்துத் துளை விரிந்திருக்கும், மறுபக்கம் ஒடுங்கியே கிடக்கும். அகன்ற வாயையும் குறுகிய வாயையும் சுருக்கம் விழாமல், ஒழுகாமல் சேர்ப்பதில்தான் அறுவை நிபுணரின் கை தெரியும். ஒழுகினால் கசிந்த விந்தணுவைச் சுற்றி வீக்கமும் தழும்பும் வந்து, திறந்த வழி மறுபடி அடைத்துக்கொள்ளும்.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வாரா, அல்லது கண்ணாடியில் பொருத்திக்கொள்ளும் லூப் போதும் என்பாரா என்பது. லூப் சில மடங்குதான் பெரிதாக்கும். மைக்ரோஸ்கோப்பில் 20, 25 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். லூப்பிலேயே நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் 11 வருடம் கழித்து வருகிற உங்களை மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்.

இனி நான் அதிகம் வலியுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எந்த இணைப்பு என்பது ஆபரேஷன் மேஜையில்தான் முடிவாகும். விரைப் பக்கத்து முனையை வெட்டியதும் அதிலிருந்து ஒரு துளி திரவம் வரும். அதைக் கண்ணாடித் துண்டில் தொட்டெடுத்து அங்கேயே இன்னொரு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். தண்ணீர் போலத் தெளிவாக வந்தால் நல்ல செய்தி. முழு விந்தணுக்களோ, வால் அறுந்த தலைகளோ தெரிந்தாலும் குழாயோடு குழாயைச் சேர்த்துவிடலாம். சிலருக்குப் பற்பசை மாதிரி கெட்டியாக வரும், அதில் ஒரு விந்தணுகூட இருக்காது. அப்படியென்றால் அடைப்பு இன்னும் கீழே, எபிடிடிமிஸில் இருக்கிறது என்று அர்த்தம்.

எபிடிடிமிஸ் என்பது விரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சுருள்குழாய். பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் நீளம் வரும் ஒரே குழாய், சவ்வு மாதிரி மெல்லிய சுவர். வருடக்கணக்கில் அழுத்தம் தேங்கும்போது அதில் எங்காவது ஓரிடத்தில் விரிசல் விட்டு அடைத்துக்கொள்கிறது. காலம் போகப் போக இதற்கான வாய்ப்பு கூடும். அப்போது அடைப்புக்கு முந்தைய சுருளைத் தேடிப் பிடித்து அதோடு நேராக விந்துக்குழாயைத் தைக்க வேண்டும். ஆண்களுக்கான நுண்ணறுவை சிகிச்சையில் மிகக் கடினமானவற்றில் இது ஒன்று. ஒரு பக்கம் சாதாரண இணைப்பும் மறுபக்கம் இதுவும் தேவைப்படுகிறவர்களும் உண்டு.

இந்த இரண்டாவது வகை தெரியாதவர் பற்பசை மாதிரி திரவத்தைப் பார்த்தால் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த இணைப்பைப் போட்டுவிட்டு மூடுவார். தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடைப்பு அதற்குக் கீழே அப்படியே இருக்கும். சிலர் திரவத்தைப் பார்ப்பதே இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருந்து, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பூஜ்ஜியம் பார்த்துவிட்டுத் தம்பதிகள் மறுபடி கிளம்பி வருவார்கள். மனைவிக்கு அதற்குள் ஒரு வயது கூடியிருக்கும். இரண்டாவது முறை திறக்கும்போது தழும்பும் அதிகம், மிச்சமிருக்கும் குழாயும் குறைவு. முதல் ஆபரேஷன்தான் உங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு. அதை வீணாக்காதீர்கள் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

இப்போது அந்த 95 சதவீதம். எதில் 95 என்று கேட்டீர்களா? விந்தில் ஓரிரு அணுக்கள் தெரிவதும் வெற்றி என்பார்கள், குழந்தை பிறப்பதும் வெற்றி. இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம். 1,469 ஆண்களுக்கு மைக்ரோஸ்கோப்பில் செய்த ஆபரேஷன்களை வைத்து 1991இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இன்றும் நாங்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. வாசக்டமி செய்து 3 வருடத்துக்குள் வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது, 76 சதவீதத் தம்பதிகளுக்குக் கரு தரித்தது. உங்களைப் போல 9 முதல் 14 வருடம் ஆனவர்களுக்கு அது 79, 44 என்று இறங்கியது. 15 வருடமும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 71, 30. இன்றைய தேர்ந்த கைகள் இதைவிட நன்றாகவும் செய்யலாம். ஆனால் உங்களைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, வருடத்தைக் கணக்கில் எடுக்காமல் சொல்லும் 95ஐ நான் நம்ப மாட்டேன். கேட்க வேண்டியது ஊரார் கணக்கல்ல, அவர் கைக்கணக்கு: 'பத்து வருடம் தாண்டியவர்களில் உங்களிடம் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு அணு வந்தது, எத்தனை பேரை நீங்கள் பின்தொடர்ந்தீர்கள்?' ஆபரேஷனை அவரே முழுவதும் செய்வாரா, பயிற்சியில் இருப்பவர்களிடம் ஒரு பக்கத்தை விடுவாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

டாக்டர் உங்களை என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஜிம்மில் ஸ்டெராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஊசி எதுவும் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும், அவை விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். அந்தப் பகுதியில் வேறு ஆபரேஷன், குடலிறக்கத்துக்கு வலை வைத்தது ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். விரையின் அளவையும் வெட்டிய இடத்தின் இடைவெளியையும் கையால் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்க வேண்டும். குழாய் திறந்த பிறகு கரு தரிப்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பெண்ணின் வயது. அவருக்கு 34 என்பது நல்லது, ஆனால் தள்ளிப்போட இடமில்லை. அவருடைய சினைப்பையில் மிச்சமிருக்கும் கருமுட்டை இருப்பு, கருக்குழாய், கர்ப்பப்பை எல்லாவற்றையும் உங்கள் ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அவருடைய கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தால் உங்கள் குழாயைத் திறந்து பயன் இல்லை. விரையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ ஊசியால் விந்தணு எடுத்து, சோதனைக்கூடத்தில் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறைதான் அப்போது நேர்வழி. அந்த வழியைப் பற்றிப் பேசவே மறுக்கிற அறுவை நிபுணரையும், அது ஒன்றைத்தான் விற்பேன் என்கிற கருத்தரிப்பு மையத்தையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் தாம்பத்யம் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இறுக்கமான உள்ளாடை வேண்டும். எத்தனை வாரம் என்று உங்கள் டாக்டர் சொல்வார். சாதாரண இணைப்பென்றால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் விந்தணு தெரியும். எபிடிடிமிஸ் இணைப்புக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். வந்த அணு சில மாதங்களில் மறுபடி குறைந்துபோவதும் உண்டு. அதனால் நல்ல ரிப்போர்ட் வந்தவுடன் கொஞ்சம் உறையவைத்துச் சேமிக்கச் சொல்கிறாரா, அப்புறமும் சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கூப்பிடுகிறாரா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் மனம் இரண்டாவது டாக்டர் பக்கம்தான் சாய்கிறது. பரிசோதித்தபின் பேசியிருக்கிறார், இரண்டு வகை இணைப்பு உண்டென்று சொல்லியிருக்கிறார், நேரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவரிடம் ஒன்றைக் கேட்காமல் தேதி வாங்காதீர்கள்: 'திறந்ததும் எபிடிடிமிஸில் இணைக்க வேண்டியிருந்தால், அதே மேஜையில் நீங்களே செய்துவிடுவீர்களா?' மனைவியின் ரிப்போர்ட்டுகளோடு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பதிலை இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.