முடக்குவாதத்துக்கு ஏன் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து தருகிறார்கள்? அதைக் கூட்டத்தானே வேண்டும்?

உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். அம்மாவுக்கு முடக்குவாதம் என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று மருந்துக் காகிதத்தில் போட்டிருக்கிறது. "சக்தி குறைந்தால்தானே நோய் வரும், இருப்பதையும் ஏன் குறைக்கிறார்கள், கூட்டுவதற்கு என்ன கொடுக்கலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கும். உறவில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு பொடியும் கொடுத்திருப்பார். என் வீட்டில் நடந்ததும் அதுதான். அதனால்தான் காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்தும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒன்பது வருடமாக இந்த நோயோடு இருக்கிறேன். இங்கே முடக்குவாதம் என்று நான் எழுதுவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸை. ஊர்ப்பக்கம் சிலர் சரவாங்கி என்பார்கள். கை கால் விழுந்துவிடும் பக்கவாதம் வேறு. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானமும் வேறு.

எனக்கு இது இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதத்தில் தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பால் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் திருகியிருக்கிறேன். குழந்தையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு பிசகியிருக்கும் என்று மாமியார் சொன்னார், நானும் நம்பினேன். பக்கத்து கிளினிக்கில் ஐந்து மாதம் வலி மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். அங்கே யாரும் "காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அது ஒன்றரை மணி நேரம் இருந்தது. தேய்மானத்தில் அவ்வளவு நேரம் இருக்காது, பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். கடைசியில் பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசு பாலிகிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் இரண்டு கைகளையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொல்லி, சிறப்பு மருத்துவருக்குக் கடிதமும் கொடுத்தார்.

பிரசவத்துக்குப் பிறகு ஏன் வந்தது என்று அந்தச் சிறப்பு மருத்துவரைக் கேட்டேன். அவர் சொன்ன ஒரு செய்தி மனதில் நின்றுவிட்டது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்றொரு டாக்டர் இருந்தார். முடக்குவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வலி குறைந்து, பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வருவதை அவர் கவனித்தார். மஞ்சள் காமாலை வந்தாலும் அப்படியே மூட்டுவலி அடங்கியது. உடம்பே ஏதோ ஒன்றைச் சுரந்து இதை அடக்குகிறது என்று தேடிப் போனவர், 1948-ல் எழுந்து நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவள் நடந்தாள். 1950-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பத்தில் வயிற்றுப் பிள்ளையைத் தாக்காமல் இருக்கத் தாயின் எதிர்ப்பு அமைப்பு சில மாற்றங்களுக்கு உள்ளாகிறது. பிரசவம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பலில்தான் பல பெண்களுக்கு இந்த நோய் தலைகாட்டுகிறது. மாமியார் சொன்ன மணிக்கட்டுப் பிசகு எதுவுமே நடக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் வைத்திருக்கும் பெயர். "நோய் எதிர்ப்பு சக்தி" என்று சொல்லிவிட்டோம். சக்தி என்றால் கூடக் கூட நல்லது என்றுதான் எந்தத் தமிழ்க் காதுக்கும் கேட்கும். உண்மையில் அது கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு அளவு உள்ள பொருளே இல்லை. பல வகை அணுக்கள், அவை அனுப்பும் ரசாயனச் செய்திகள், எதைத் தாக்குவது, எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் சேர்ந்த ஒரு அமைப்பு. டி அணுக்கள் என்ற ஒரு வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்கின்றன. நம் உடம்பையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வரும் சிலவற்றை அடக்கி வைப்பதற்கென்றே இன்னொரு வகை டி அணுக்கள் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி அவற்றை 1995-ல் எடுத்துக் காட்டினார். 2025-ல் அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது இதற்காகத்தான். அந்தச் செய்தி வந்த அன்று பள்ளி ஓய்வறையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கு எதிர்ப்பு சக்தி போதவில்லை" என்று இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட ஒருத்திக்கு, அடக்கி வைப்பதும் அந்த அமைப்பின் வேலைதான் என்று உலகமே ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

அம்மாவின் உடம்பில் நடப்பது இது. மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உள்சவ்வு இருக்கிறது. எதிர்ப்பு அமைப்பு ஆள் தெரியாமல் அதைப் பகையாக எண்ணி அங்கே படையெடுக்கிறது. நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினைன் என்ற பகுதி சில நேரம் சிட்ருலின் என்று மாறும். அது எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். முடக்குவாதம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி மாறிய புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது பகையைப் பிடிக்க எதிர்ப்பு அமைப்பு செய்யும் புரதம், உருவாகிவிடுகிறது. ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை தேடுவது அதைத்தான். வலி வருவதற்குப் பல வருடம் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம். பரம்பரைக் கூறும் உண்டு, புகைபிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும். தாக்குதல் தொடங்கியதும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் பொருட்கள் பெருகுகின்றன. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இந்தத் தவறான தாக்குதலை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட் தருகிறார்கள். அரித்த எலும்பு பழையபடி வளர்ந்து வராது. இந்த ஒரு வரியை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இங்கே பலர் இதை யூரிக் அமிலத்தோடு வேறு குழப்புகிறார்கள். "பருப்பை நிறுத்து, கீரையை நிறுத்து" என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. அது கவுட். யூரிக் அமிலப் படிகம் மூட்டில் தங்கி வீக்கம் வருவது. அதிலும் எதிர்ப்பு அமைப்புதான் கொதிக்கிறது, ஆனால் சொந்த உடம்பைப் பகையாக நினைத்துக் கொதிப்பதில்லை. இரண்டு வருடம் நான் சாம்பார் இல்லாமல் சாப்பிட்டது வீண்.

சரி, பொடி விஷயம். 2016-லிருந்து வாரம் ஒரு முறை, சனிக்கிழமை இரவு மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் அமிலம் என்று எடுத்து வந்தேன். நன்றாகத்தான் இருந்தேன். பிள்ளைகளுக்குக் களிமண்ணில் எழுத்து உருட்டிக் காட்டும் அளவுக்குக் கை வந்துவிட்டது. 2020-ல் கொவிட் வந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி இங்கே சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கியது. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. என் பெரியம்மா யீஷூனிலிருந்து வந்து, உள்ளே வராமல், எங்கள் கம்பிக் கதவில் ஒரு பையை மாட்டிவிட்டுக் கீழே போய்ப் போன் செய்தார். உள்ளே சீந்தில் என்ற மூலிகைக் கொடியின் பொடி. "ஊரெல்லாம் சக்தியை ஏத்துறதுக்கு அலையுது, நீ இறக்குறதுக்கு மாத்திரை சாப்பிடுறியேடி. உனக்கு அந்தக் கிருமி வந்தா என்ன ஆகும்?" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. எனக்கும் பயம். யாரையும் கேட்காமல் அந்தச் சனிக்கிழமை மாத்திரையை நிறுத்தினேன். காலையும் மாலையும் சீந்தில் குடித்தேன். பெரியம்மாவை இதில் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பேருந்தில் போகவே எல்லோரும் அஞ்சிய நாட்களில் எனக்காக அவ்வளவு தூரம் வந்தார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் ஏமாற்றியது. மெத்தோட்ரெக்சேட் மெல்ல வேலை செய்யும் மருந்து, விட்டாலும் பலன் மெல்லத்தான் இறங்கும். "பார், மாத்திரையே தேவைப்படவில்லை" என்று கணவரிடம் சொன்னேன். மே நடுவில் ஒரு நாள் காலை கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கி வளையல் உள்ளே புதைந்துவிட்டது, சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கழற்றினோம். தோசைக் கரண்டி பிடிக்க முடியவில்லை. தலைசீவ மகளைக் கூப்பிட்டேன், அவளுக்கு அப்போது எட்டு வயது.

மருத்துவர் தொலைபேசியில் பேசினார். திட்டவில்லை. ரத்தம் கொடுக்க வரச் சொன்னார். கல்லீரல் நொதி இயல்பைவிட மூன்று மடங்கு ஏறியிருந்தது. சீந்தில்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் அதன் மேல்தான் என்றார். நொதி இறங்கும்வரை மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடங்கவும் வழியில்லை, ஏனென்றால் அதுவும் கல்லீரலைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டிய மருந்து. அதுவரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் ஓட்டினேன். முகம் ஊதிவிட்டது. ஆகஸ்டில் எடுத்த எக்ஸ்ரேயில், 2019 படத்தில் இல்லாத ஒரு அரிப்பு வலது மணிக்கட்டில் தெரிந்தது. அது இன்றும் இருக்கிறது. கரும்பலகையில் தலைக்கு மேல் எழுத இப்போதும் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த வருடம், 2021-ல், மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சிலருக்கு அது எதிர்ப்பு அமைப்பே கல்லீரலைத் தாக்கும் நோய்போல இருந்தது. இந்தியாவின் ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் ஒருவர் வந்து அதைச் சொல்வார். நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. என் தாத்தா ஊரில் நாட்டு வைத்தியம் பார்த்தவர். சளிக்கு இன்றும் எங்கள் வீட்டில் தூதுவளை ரசம்தான். எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் என்று சொல்லி விற்கிற பொருளை, அது ஏற்கெனவே தப்பான இடத்தில் தூண்டப்பட்டுக் கிடக்கும் உடம்புக்குள் போடாதீர்கள் என்கிறேன். அது மூலிகையோ வெளிநாட்டு மாத்திரையோ, எனக்கு வித்தியாசம் இல்லை. மருந்துக் கம்பெனிக்காக எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மெத்தோட்ரெக்சேட் காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆன, மலிவான பழைய மருந்து.

இதற்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மாமியாருக்கு விளங்க வைக்கலாம் என்று எங்கோ கிடைத்த ஒரு தமிழ்க் கையேட்டை அந்த நாட்களில் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதில் மூட்டுவலி "கூட்டு வலி" என்று அச்சாகியிருந்தது. நோய் திடீரென்று கிளம்புவதைத் "தீச்சுடர்" என்று போட்டிருந்தார்கள். மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தார், பிறகு மடித்து வைத்துவிட்டார். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆங்கிலத்திலிருந்து கணினி மொழிபெயர்த்துத் துப்பியதை ஒரு தமிழர் ஐந்து நிமிடம் படித்துப் பார்த்திருந்தால் போதும். தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் நோயைப் படிக்க உட்கார்ந்த ஒரு பெண்மணியை இப்படி ஏமாற்றலாமா? பெரியம்மாவின் பொடியைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி எவ்வளவு அழகான தமிழில் இருந்தது தெரியுமா? எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஜனங்கள் எதை நம்புவார்கள்?

அம்மாவின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். மெத்தோட்ரெக்சேட் முதலில் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதைக் கேட்டு என் கணவர் பயந்ததுபோல நீங்களும் பயந்திருக்கலாம். முடக்குவாதத்துக்குத் தருவது மிகச் சிறிய அளவு, அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் தவறிச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்று அட்டையிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். தொற்று ஆபத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். இதுபோன்ற பக்கவிளைவுகளைக் கவனிக்கத்தான் தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பரிசோதனையும் பிறகு ஒழுங்கான ரத்தப் பரிசோதனையும். சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். கடும் காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையை எடுப்பதா விடுவதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதில் பலன் போதாவிட்டால் டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகள் 1990-களின் கடைசியிலிருந்து இருக்கின்றன. அவற்றுக்கு முன் உறங்கிக் கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்களும் சிங்கப்பூரில் இருந்தால், முடக்குவாதம் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம்.

யாராவது கொடுத்த பொடி இருந்தால் தூக்கிப் போட்டுச் சண்டை வளர்க்க வேண்டாம். பாக்கெட்டோடு அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அதுவரை திறக்காதீர்கள். நாளைக் காலையிலிருந்து, அம்மா எழுந்த நேரத்தையும் விரல்கள் முழுதாக மடங்கிய நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என் மருத்துவர் இன்றைக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.