வானொலி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: அப்பா வாங்கிய டிரான்சிஸ்டரில் மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று இரண்டு பட்டைகள் உண்டு. சிங்கப்பூரின் தமிழ் வானொலி நிலையமான ஒலி 96.8 மட்டும் எடுக்கவில்லை. பழுது பார்க்கக் கொடுக்கலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: கொடுக்க வேண்டாம், பெட்டியில் குறையில்லை. ஒலி 96.8 வருவது எஃப்எம்மில், அந்தப் பெட்டியில் எஃப்எம் பட்டையே கிடையாது. சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் 1937 மார்ச் 1 அன்று நிலையம் திறந்தது. அந்தக் காலத்தில் ஒலிபரப்பு மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும்தான் நடந்தது. போருக்குப் பின் வந்த ரேடியோ மலாயா, 1959இல் தனியாகப் பிரிந்த ரேடியோ சிங்கப்பூர் இரண்டிலும் தமிழ்ச் சேவை இருந்தது. 1969இல் இங்கே எஃப்எம் ஸ்டீரியோ வந்தது. 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் அமைந்த பிறகு தமிழ் அலைவரிசைக்குப் பெயர் ரேடியோ 4. அதுவே இன்றைய ஒலி 96.8. மீடியம் வேவ் ஒலிபரப்பு 1990களில் நின்றுவிட்டது. அப்பாவின் பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்பதற்கு வேறொன்று வாங்குங்கள். வாங்கும்போது டயலில் 88 முதல் 108 வரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்த பழைய பெட்டிகள் 90ஓடு நின்றுவிடும்.

கேள்வி: தெம்பனிஸில் எங்கள் புது வீட்டில் ஒலி 96.8 ஒரே இரைச்சல். சில நேரம் வேறு மொழி நிலையம் குறுக்கே புகுகிறது. (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: ஒலிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில். நீங்கள் தீவின் மறுகோடியில். ஜொகூர், பாத்தாம் நிலையங்கள் பக்கத்தில் இருப்பதால், நம் அலை தளரும் இடத்தில் அவை மேலோங்கும். எஃப்எம் பெட்டி இரண்டில் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். அதனால்தான் கலந்து கேட்காமல் மாறி மாறிக் கேட்கிறது.

முதலில் பெட்டியை பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) சுவரருகிலிருந்து எடுங்கள். அந்தக் கம்பி போட்ட கான்கிரீட்டைத் தாண்டி அலை சரியாக வராது. மேற்குப் பக்க ஜன்னலருகே வைத்து, ஆண்டெனாவை 75 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டுங்கள். 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர், அதில் கால் பங்கு இது. ஜன்னல் இரும்புக் கம்பியில் ஆண்டெனா படக் கூடாது. ஸ்டீரியோவுக்கு (இடம் வலம் பிரிந்த ஒலி) மோனோவைவிட (ஒற்றை ஒலி) வலுவான அலை வேண்டும், ஆகவே மோனோவுக்கு மாற்றினாலே பாதி இரைச்சல் அடங்கும்.

ஹைஃபை செட் என்றால் இரட்டைக் கம்பி ஸ்பீக்கர் ஒயரின் ஒரு முனையை 74 சென்டிமீட்டர் பிரித்து, பிரிந்த இரு கைகளையும் டி வடிவில் விரித்துச் சுவரில் ஒட்டுங்கள், மறுமுனையைச் செட்டின் எஃப்எம் ஆண்டெனா இணைப்பில் மாட்டுங்கள். விரித்த கைகள் புக்கிட் பாத்தோக் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: கையின் நுனி கோபுரத்தைப் பார்த்தால் அலை கிட்டத்தட்ட விழவே விழாது.

கேள்வி: கைப்பேசியில் மீலிசன் (வானொலி கேட்கும்) செயலியில் கேட்டால் வீட்டு ரேடியோவுக்குப் பின்னால் வருகிறதே? (வாசகர், பொங்கோல்)

பதில்: இணையவழி ஒலி துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டுத்தான் ஒலிக்கும், சில விநாடி தாமதம் இயல்பு. மணி ஒலிக்குக் கடிகாரம் திருத்துவோர் எஃப்எம்மையே நம்புங்கள்.