பி.ஏ. பொருளியலில் தொடர்வதா, பி.காமுக்கு மாறுவதா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவில் தமிழ் வழியில் படித்தேன். பி.காம். கேட்டிருந்தேன், மதிப்பெண் போதாததால் பொருளியலில்தான் இடம் கிடைத்தது. முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்து தேறிவிட்டேன். ஆனால் வளைகோடுகளும் சமன்பாடுகளும் எதற்கு என்றே விளங்கவில்லை. இப்போது துணைப்பாடமாகப் புள்ளியியல் வந்திருப்பதால் அச்சமாக இருக்கிறது. அப்பா சிறு விவசாயி. நெல்லும் கத்திரியும் பயிரிடுகிறார். "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று சித்தப்பா கேட்கிறார். வரும் ஜூனில் பி.காமில் புதிதாகச் சேர்ந்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பாடம் விளங்கவில்லை என்பது ஒன்று. படித்தால் வேலை கிடைக்குமா என்பது மற்றொன்று. சித்தப்பா கேட்பது இரண்டாவதை. உங்களை அலைக்கழிப்பது முதலாவது என்றே எனக்குப் படுகிறது. அதற்கு ஒரு வழி பிறந்துவிட்டால் வேலையைப் பற்றிப் பதற்றமின்றிப் பேசலாம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் கல்லூரிகள் பலவற்றில் பொருளியல் என்பது இலக்கணங்களையும் வகைகளையும் அடுக்கி எழுதும் பாடமாகச் சுருங்கிவிட்டது. செல்வ இலக்கணம், நல இலக்கணம், கிடைப்பருமை இலக்கணம் என்று மூன்றையும் சொன்னவர் பெயரோடு ஒப்பித்து, தேவை நெகிழ்ச்சியின் ஐந்து வகைகளுக்கும் ஐந்து படங்கள் வரைந்து, செமஸ்டர் முடிந்ததும் ஜெராக்ஸ் நோட்ஸோடு அவற்றையும் ஒதுக்கிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. பத்து மதிப்பெண் விடையைப் பிழையின்றி எழுதும் மாணவருக்குக்கூட, அப்படி ஒரு கோட்பாடு எந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகத் தோன்றியது என்பது தெரிவதில்லை. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை நடத்தும். ஆகவே, உங்களுக்கு விளங்காமல் போனது உங்கள் அறிவின் குறை என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

நெகிழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். விலை மாறும்போது மக்கள் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதே அது. ஓர் ஆண்டு மழை நன்றாகப் பெய்து, சந்தைக்குக் காய் அனுப்பும் எல்லா ஊர்களிலும் கத்திரி விளைச்சல் 10 விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிந்துவிட்டது என்பதற்காக யாரும் மூன்று வேளையும் கத்திரிக்காயே சமைக்க மாட்டார்கள். எனவே கூடுதலாக வந்த காய் விற்றுத் தீர வேண்டுமானால் விலை பெரிதும் இறங்கியாக வேண்டும். தேவை நெகிழ்ச்சி 0.5 என்று கொண்டால், 10 விழுக்காடு கூடுதலாக விற்பதற்கு விலை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைய வேண்டும். முன்பு 100 மூட்டையை மூட்டைக்கு 1,000 ரூபாய் வீதம் விற்று 1,00,000 ரூபாய் பெற்றவர், இப்போது 110 மூட்டையை 800 ரூபாய் வீதம் விற்று 88,000 ரூபாயோடு வீடு திரும்புவார். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் விவசாயி ஏன் கடன்படுகிறார் என்ற கேள்விக்கு இந்தச் சிறு கணக்கு பெரும்பகுதி விடை தந்துவிடுகிறது.

இன்னும் ஒரு படி மேலே செல்லுங்கள். உங்கள் தந்தையார் ஒருவர் மட்டும் 10 மூட்டை கூடுதலாக விளைவித்திருந்தால் சந்தை விலை அசைந்திருக்காது. 110 மூட்டைக்கும் பழைய விலையே கிடைத்து, கையில் 1,10,000 ரூபாய் இருந்திருக்கும். ஏராளமானோர் ஒரே பொருளை விற்கும் சந்தையைப் பேசும் நிறைவுப் போட்டி அத்தியாயத்தில் தனி உற்பத்தியாளரின் தேவைக் கோட்டைக் கிடைமட்டமாகவும், அங்காடி முழுவதற்குமான தேவைக் கோட்டைக் கீழ்நோக்கிச் சரிவதாகவும் வரைந்திருப்பதன் பொருள் இதுதான். அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்த பக்கங்களில் வரைந்திருப்பீர்கள். இடையில் உங்கள் வீட்டுக் கணக்கு இருந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் நேரடி கொள்முதல் நிலையமும் இருக்கையில் கத்திரிக்கு ஏன் இல்லை, காய் அழுகக்கூடியது என்பது அதில் எவ்வளவு தூரம் காரணம், சேமிப்புக் கிடங்கு வந்தால் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று அடுத்த கேள்விகள் தாமாகவே வந்து நிற்கும். இப்படிக் கேள்விகள் வரத் தொடங்கிய பிறகும் பாடம் சலிப்பூட்டினால், அப்போது அது உங்களுக்கு ஏற்றதில்லை என்று முடிவு செய்யலாம். அதற்கு முன் செய்வது அவசரம்.

கணிதத்துக்கு வருவோம். கணிதம் இல்லாமல் பொருளியலில் வெகுதூரம் போக முடியாது என்பதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலில் சேருவதற்கே பள்ளியில் கணிதம் படித்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் கணிதம் படிக்காதவர்களுக்கும் இடம் தருகிறார்கள். இடம் தருவது நல்ல செயல். தந்த பிறகு அந்தக் குறையை நிரப்ப ஏற்பாடு எதுவும் செய்யாமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எனினும், இளங்கலை நிலையில் தேவைப்படும் கணிதம் கடலளவு கிடையாது. கோட்டின் சாய்வு, வகையிடல் (ஒன்று மாற மற்றொன்று மாறும் வீதத்தைக் காண்பது), பெருமம் சிறுமம் காணுதல், அணிகள், நிகழ்தகவு, தொடர்புப் போக்கு ஆகியவை கைவந்தால் மூன்றாண்டுப் பாடத்தின் சமன்பாடுகளில் பெரும்பாலானவை வழிவிட்டுவிடும்.

இவை அனைத்தும் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடநூலில் தமிழிலேயே உள்ளன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வகைநுண்கணிதத்துக்கு ஓர் அத்தியாயமும், அதை அடுத்து அதன் பயன்பாடுகளுக்கு ஓர் அத்தியாயமும் இருக்கின்றன. பயன்பாடுகள் என்ற அத்தியாயத்தைத் திறந்தால் நெகிழ்ச்சியும் இறுதிநிலைச் செலவும் இறுதிநிலை வருவாயும் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். உற்பத்தி ஓர் அலகு கூடும்போது மொத்தச் செலவு எவ்வளவு கூடுகிறது என்பதே இறுதிநிலைச் செலவு என்று மனப்பாடம் செய்தீர்கள் அல்லவா? மொத்தச் செலவுச் சார்பை வகையிட்டால் கிடைப்பது அதுவே. கோடை விடுமுறையில் இந்த இரண்டு அத்தியாயங்களின் கணக்குகளை, விடையைப் பார்க்காமல், ஒன்று விடாமல் போட்டு முடியுங்கள். வாசித்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வது இந்தப் பாடத்தில் செல்லாது.

புள்ளியியல் துணைப்பாடமாக வந்திருப்பதை நான் நல்ல வாய்ப்பாகவே பார்க்கிறேன். சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டளவில் வைத்திருப்பது, மேலும் கீழும் 2 விழுக்காடு வரை விலகலாம் என்பது, 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்டுள்ள இலக்கு. பணவீக்கம் கட்டுக்குள் இருப்பதாகச் செய்தியில் சொல்லும் நாளிலும் ஊரில் எல்லாரும் விலைவாசியைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சில்லறைப் பணவீக்கத்தை அளக்க, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டிருந்த முந்தைய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை, அதாவது மொத்தச் செலவை 100 எனக் கொண்டால் அவற்றின் பங்கு, ஊரகத்துக்கு 54.18, நகர்ப்புறத்துக்கு 36.29, இரண்டையும் சேர்த்தால் 45.86. உணவின் விலை 8 விழுக்காடும் மற்றவற்றின் விலை 2 விழுக்காடும் ஏறுவதாக வைத்து எடையிட்ட சராசரியைப் போட்டுப் பாருங்கள். ஊரகப் பணவீக்கம் 5.25 என்றும் நகர்ப்புறப் பணவீக்கம் 4.18 என்றும் வரும். ஒரே விலையேற்றம் இரண்டு இடங்களில் இரண்டு அளவாக வலிக்கிறது. உங்கள் வீட்டு ஒரு மாதச் செலவைக் குறித்துவைத்து, உணவின் பங்கு எவ்வளவு என்று கண்டு, இந்த எடைகளோடு ஒப்பிட்டால், குறியீட்டெண் என்ற அத்தியாயத்தை மறுபடி மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

உங்கள் மாவட்டம் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்தில் எழுதப்பட்ட பாடங்களை மட்டும் நடத்திக்கொண்டிருக்காமல், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எங்கிருந்து வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதச் செய்தார். அந்த ஊர்களில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. பிற்காலத்தில் வந்த ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பச் சென்று, 2008 வரையிலான மாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். பண்ணையோடு கட்டுண்டிருந்த படியாள் முறை மறைந்ததும், விவசாயத்துக்கு வெளியே பிழைப்புத் தேடுவது பெருகியதும் அந்தப் பதிவுகளில் உண்டு. இந்தியாவில் ஒரு கிராமத்தின் பொருளாதாரத்தை இத்தனை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அரிது. அதற்கு முதல் ஏட்டை எழுதியவர்கள் உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்களே. உங்கள் கல்லூரியில் இறுதியாண்டில் திட்டக் கட்டுரை இருக்குமானால், பழைய கட்டுரைகளைப் பார்த்து எழுதாமல், உங்கள் ஊரின் கூலியையோ மகளிர் குழுக் கடனையோ முப்பது வீடுகளில் கேட்டு எழுதுங்கள்.

இனி வேலை. பி.ஏ. பொருளியல் பட்டம் மட்டும் இருந்தால் திறக்கும் கதவுகள் பெரும்பாலும் எந்தப் பட்டதாரிக்கும் திறப்பவையே: வங்கித் தேர்வுகள், டி.என்.பி.எஸ்.சி., மத்தியக் குடிமைப் பணித் தேர்வு. பி.காம். பட்டத்துக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். கணக்குப் பதிவியல் வேலைகள் அதற்குக் கூடுதலாக உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளியலுக்கே உரிய வேலைகள் முதுகலைக்குப் பிறகு தொடங்குகின்றன. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதப் பொருளியலிலோ அதைச் சார்ந்த பிரிவிலோ முதுகலை வேண்டும். அதில் இடங்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறை, மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியர் பணி, ஆய்வு நிறுவனங்கள், தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்கள் ஆகியவையும் பெரும்பாலும் முதுகலைப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. எனவே சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய விடை, "ஐந்தாண்டுப் படிப்பாக எண்ணித்தான் சேர்ந்திருக்கிறேன்" என்பதே. அந்த ஐந்தாண்டுக்கு வீட்டுப் பொருளாதாரம் இடம் தருமா என்பதை உங்கள் பெற்றோரோடு உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள்.

முதுகலைக்கு உங்களுக்கு மிக அருகில் இருப்பது புதுவைப் பல்கலைக்கழகம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் க்யூட் முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி.களுக்கான ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளியல் தாள் இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவைப் பொருளியல் முதுகலைப் படிப்பில் மாத உதவித்தொகையும் கிடைக்கும். அதன் நுழைவுத் தேர்வு கணிதத்தை மிகக் கடுமையாகச் சோதிக்கும். இந்தத் தேர்வுகளின் பொருளியல் வினாக்கள் ஆங்கிலத்தில் வருபவை என்பதால், மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையிலிருந்து நாளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கத்தை இந்த ஆண்டே தொடங்குங்கள். தமிழ்நாடு அரசும் 2025 மார்ச்சில் தன் முதல் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டிருக்கிறது. தெரிந்த ஊர்களையும் தொழில்களையும் பற்றியது என்பதால் அதிலிருந்து தொடங்குவது எளிது.

இவ்வளவுக்குப் பிறகும் பி.காம். சரியான முடிவாக இருக்கலாம். கணக்குப் பதிவியல் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது, மூன்றாண்டில் வேலைக்குச் சென்றே ஆக வேண்டிய நிலை வீட்டில் இருக்கிறது என்றால் மாறுவதில் தவறில்லை. சி.ஏ. ஆக வேண்டும் என்பதற்காக மட்டும் மாற வேண்டாம். வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடும் பிற பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட் நிலையில் சேர வழி இருக்கிறது. கடந்துபோன ஓராண்டு வீணாகிறதே என்று வருந்தியும் முடிவெடுக்க வேண்டாம். தொடர்ந்தாலும் மாறினாலும் அந்த ஆண்டு திரும்பி வரப்போவதில்லை. கணக்கில் கொள்ள வேண்டியது, மாறினால் பட்டம் பெறவும் சம்பாதிக்கவும் ஓராண்டு தள்ளிப்போகும் என்பதை மட்டுமே. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற்றுவருகிறீர்கள் என்றால், படிப்பை மாற்றினால் அது தொடருமா என்று கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கணித அத்தியாயங்கள் இரண்டையும் மே மாதத்துக்குள் முடித்துவிட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள். அப்போதும் மனம் பி.காம். பக்கமே நின்றால் ஜூன் சேர்க்கையில் விண்ணப்பியுங்கள். ஆனால் புதிய இடம் உறுதியாகும் வரை இப்போதைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் கேட்க வேண்டாம்.