ஒயிலாட்டம் ஆடியதில் என்ன தப்பு?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கலைத்திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடினான். அதை யாரோ செல்போனில் எடுத்து, ஸ்லோமோஷனில் ஓடவிட்டு, ஒரு கதாநாயகி பாட்டைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். பள்ளி பெயரில் பசங்களே நடத்தும் ஒரு பக்கத்தில் அது ஓடி, கீழே எழுதக்கூடாததெல்லாம் எழுதினார்கள். அப்புறம் அவன் பெயரும் படமும் வைத்து ஒரு போலி ஐடி, அதிலிருந்து மற்ற பையன்களுக்கு அசிங்கமான மெசேஜ். அவன் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி ஒரு ஆபாசப் படமும் சுற்றுகிறது. டியூஷனில் பட்டப்பெயர். வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறான். 'ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாம் அழுவியா, உன்னை யாரு ஆடச் சொன்னா' என்று திட்டி, போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். தலைமையாசிரியர் 'இது ஸ்கூலுக்கு வெளியே நடந்தது' என்கிறார். மச்சினன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பசங்களைக் கவனிக்கிறேன் என்கிறான். போலீஸுக்குப் போனால் பையன் பெயர் கெட்டுவிடும் என்று மனைவி அழுகிறாள். டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா?
(பெயர் வேண்டாம், மேலூர் பக்கம்)

பதில்: டி.சி. வாங்க வேண்டாம். மச்சினனை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். போனைப் பையனிடம் திருப்பிக் கொடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், இந்த மூன்றும் இன்றைக்கே நடக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது நீங்கள் சொன்ன அந்த 'உன்னை யாரு ஆடச் சொன்னா' தான். அந்தப் பக்கத்தில் நூறு பேர் எழுதியதும் கிட்டத்தட்ட அதேதானே. வெளியே அத்தனை பேரிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பையனுக்கு வீட்டிலும் அதே வார்த்தை கிடைத்தால் அவன் எங்கே போவான்? ஒயிலாட்டம் நம் மதுரைச் சீமையில் ஆண்கள் வரிசை கட்டி, கையில் துணியும் காலில் சலங்கையுமாக, கோயில் திருவிழாவில் ஊர் கூடிப் பார்க்க ஆடிய ஆட்டம். உங்கள் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். அதை அரசுப் பள்ளி மேடையில் ஆடியதற்கு உங்கள் மகன் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆட்டத்தை வைத்து அவன் எப்படிப்பட்டவன் என்று தீர்ப்பு எழுத அந்தப் பசங்களுக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

2016-இல் சேலம் மாவட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது, நடவடிக்கை இழுத்தடிக்கப்பட்டது, அதற்குள் அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். தாமதத்துக்கு மாவட்ட எஸ்.பி.யே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. ஆனால் அவள் எழுதிவைத்த கடிதத்தில் இருந்த பெரிய வலி, பெற்ற அப்பா அம்மாவே தன்னை நம்பவில்லை என்பது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து 'உன் மேல தப்பு இல்லப்பா, நான் திட்டுனதுதான் தப்பு, இதை நாம சேர்ந்து பார்த்துக்கலாம்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேச வராவிட்டால் பரவாயில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் இந்தத் தொல்லையைப் பெற்றவர்களிடம் மறைப்பதற்கு முக்கியமான காரணமே சொன்னால் போன் போய்விடும் என்பதுதான். உங்கள் மகன் சொன்னான், போன் போனது. இனி இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தால் வாயைத் திறப்பானா? அவனோடு ஆறுதலாகப் பேசும் ஓரிரு சிநேகிதர்கள் இருந்தால் அவர்களும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறார்கள். ஆதாரமும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆதாரத்தை எடுக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள், அவனை மறுபடி உட்கார வைத்து எல்லாவற்றையும் படிக்க விடாதீர்கள். ரீல்ஸ், கமென்ட், போலி ஐடியின் பயனர் பெயர், அதன் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். இதைச் செய்து முடித்த பிறகு இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்யுங்கள். நிறையப் பேர் பதற்றத்தில் முதலில் ரிப்போர்ட் அடித்துவிடுகிறார்கள், பக்கம் மறைந்துவிடுகிறது, ஸ்டேஷனில் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. நீக்கிய பதிவையும் அதன் விவரங்களையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 ஐ.டி. விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. போலீஸ் அதைக் கேட்டு வாங்க முடியும். ஆனால் அந்த நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள்.

அந்த ஒட்டுப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். மச்சினனுக்கு வேண்டாம், 'பாருங்க சார்' என்று தலைமையாசிரியரின் வாட்ஸப்புக்கும் வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது யார் செய்தாலும் குற்றம், நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் சிக்கல்தான். லிங்க்கைக் குறித்துக்கொண்டு போலீஸிடம் கொடுங்கள். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச வசதி இருக்கிறது, அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. படம் எங்கும் போகாது, உங்கள் போனிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகி அது மட்டும் போகும், அந்த எண்ணை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸப்பில் கைமாறுவதை அதனால் தடுக்க முடியாது.

சட்டத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வெறும் கிண்டல் ரீல்ஸுக்கு நேரடியான பிரிவு இல்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது, அதை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் உங்கள் மகனுக்கு நடந்தது கிண்டலோடு நிற்கவில்லையே. அவன் பெயரில் போலி ஐடி நடத்துவது அதே சட்டத்தின் 66சி-யில் வரும், மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் படம் 67பி, முதல் முறையே ஐந்து ஆண்டு வரை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் வரலாம். போக்சோ பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், 2012-இல் வந்த நாளிலிருந்தே அது ஆண் பிள்ளைகளுக்கும்தான்.

உங்கள் மனைவியின் பயத்துக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. பையனின் பெயரோ பள்ளியோ வெளியே வரக் கூடாது. அவனிடம் வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. வீட்டிலேயோ அவன் சொல்லும் இடத்திலேயோதான் வாங்க வேண்டும். தலைமையாசிரியரின் 'ஸ்கூலுக்கு வெளியே' என்ற பதிலும் இங்கே செல்லாது. பிள்ளைக்கு இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம், எங்கே நடந்தது என்று அது பார்ப்பதில்லை. இதை அவரிடம் மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அவர்களிலும் ஒருவரிடம் பேசுங்கள். காலை அசெம்பிளியில் வைத்து அந்தப் பசங்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பள்ளி முழுக்க மறுபடி உங்கள் பையனைத்தான் திரும்பிப் பார்க்கும்.

இப்போது மச்சினன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் தென்மாவட்டங்களில் நாலு பேர் கிளம்பினால் அந்தப் பக்கம் எட்டுப் பேர் கிளம்புவார்கள், இரண்டு பையன்களுக்கு இடையே இருந்தது அந்திக்குள் இரண்டு சாதிக்கு இடையே ஆகிவிடும், அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த உங்களாலும் முடியாது. 2023-இல் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதைப் பார்த்தோம். படம் ஒட்டிய பசங்களுக்கும் பதினாறு வயதுதான் இருக்கும். வழக்கு வந்தால் அவர்கள் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, சிறைக்கு இல்லை. அவர்கள் செய்தது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, கணக்குக் கேட்டே ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு இது அநேகமாகத் தெரியவே தெரியாது. அவர்களைத் தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள், ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு பள்ளியிலேயே பேசுங்கள்.

வயிற்றுவலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். மனக் கஷ்டம் உடம்பில் இறங்கினால் அந்த வயதில் வயிற்றில்தான் பிடிக்கும். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று பாருங்கள். 'இருந்து என்ன செய்ய' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும், தன் பொருட்களை யாருக்காவது எடுத்துக் கொடுத்தாலும், அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்வரை தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பையன் மட்டும் பேச வேண்டும் என்றில்லை, உங்கள் மனைவி பேசலாம், நீங்களும் பேசலாம். பிள்ளைக்கு இப்படி ஆகும்போது அம்மா சமையலறையிலும் அப்பா டீக்கடையிலும் தனித்தனியாக நொறுங்குகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் மென்று விழுங்க வேண்டாம். 'ஒருத்தன் அவன் பேர்ல போலி அக்கவுண்ட் போட்டான், புகார் கொடுத்திருக்கோம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மறைக்க மறைக்கத்தான் அவர்கள் கதை கட்டுவார்கள்.

வேறு பள்ளி பற்றி அவனாகக் கேட்டால் அப்போது யோசிக்கலாம். நீங்களாகச் செய்தால், தப்பு செய்தவன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உங்கள் பையன்தான் ஊரை விட்டுப் போன மாதிரி ஆகும். அவனுடைய வீடியோவுக்குப் புதுப் பள்ளிக்கு வர பஸ் டிக்கெட் தேவையில்லை.

புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பதியலாம், 1930-க்கும் கூப்பிடலாம். வீட்டில் நிலைமை கையை மீறினால் குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. நீங்கள் மேலூர் என்பதால் நேரில் போவதென்றால் மதுரை மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன், மாநகர ஸ்டேஷனுக்குப் போய் அலையாதீர்கள். புகாரை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். தர மறுத்தால் அதே நாளில் எஸ்.பி. அலுவலகத்தில் கொடுங்கள், அங்கேயும் இழுத்தால் நகலோடு எனக்கு எழுதுங்கள்.