மாமியாரின் கேக்கும் மகளின் ஏலக்காயும்

மதிப்பிற்குரிய ஐயா,

உணவைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்குக்குத் தங்கள் தீர்ப்பு தேவைப்படுகிறது. நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். என் மாமியார் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் பிளம் கேக் செய்வார்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அதில் சேர்க்கவிடமாட்டார்கள். எங்கள் வீட்டில் மது புழங்குவதில்லை என்பதால், பழங்களைத் திராட்சைச் சாற்றில் ஊறவைப்பது வழக்கம். பேக்கிங் வகுப்புக்குப் போய்வந்த என் மகள் இவ்வாண்டு ஏலக்காய், சோம்பு, மிளகு, கூடவே கொஞ்சம் கரம் மசாலா ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும் என்கிறாள். "இவையெல்லாம் இங்கிருந்துதானே வெள்ளைக்காரனுக்குப் போயின? நம்முடையதை நாம் சேர்க்க என்ன தயக்கம்?" என்பது அவள் வாதம். "அப்புறம் அது கிறிஸ்துமஸ் கேக்காக இருக்காது" என்பது மாமியாரின் பதில். யார் சொல்வது சரி? சேர்ப்பதென்றால் எதை, எவ்வளவு சேர்ப்பது? பண்டிகையன்று செய்யும் முழுக்கோழி ரோஸ்ட்டுக்கும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளின் முடிவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அதற்கு அவர் சொல்லும் காரணத்தோடுதான் உடன்பட முடியவில்லை.

கிராம்பு மரம் நெடுங்காலம் இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள மலுக்கு தீவுகளில் மட்டுமே வளர்ந்தது. ஜாதிக்காயும் அதன் மேல் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரியும் அதே பகுதியைச் சேர்ந்த பண்டா தீவுகளின் விளைச்சல். அந்த வணிகத்தை முழுவதுமாகத் தன் கைக்குள் கொண்டுவருவதற்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1621ல் அத்தீவு மக்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றும் பட்டினியிட்டும் அடிமைகளாக்கியும் துரத்தியும் ஒழித்தது என்பதை, கேக்கைப் பற்றிய பேச்சில் சொல்வது பொருத்தமற்றதாகத் தோன்றினாலும், சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. மெல்லிய சுருள் பட்டை இலங்கையினுடையது. சோம்பு மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்தது. நீங்கள் குறிப்பிட்டவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிறப்பிடமாகக் கொண்டவை ஏலக்காயும் மிளகும் மட்டும்தான். கிராம்பையும் ஜாதிக்காயையும் ஆங்கிலேயக் கம்பெனியார் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் குற்றாலத்துத் தோட்டங்களில் வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆகவே மாமியார் சேர்க்கும் மூன்றும் கடல் கடந்து வந்தவை, தான் சேர்க்க நினைக்கும் இரண்டுதான் இந்த மண்ணில் பிறந்தவை என்று உங்கள் மகள் வாதாடியிருந்தால், அவர் கட்சி இன்னும் வலுவாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதை வைத்து அது மாவில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. சமையலறையில் நமக்கு வேண்டியது இரண்டாவது விவரம்தான்.

மாமியாரின் அச்சத்துக்கு வருகிறேன். ஏலக்காயும் மிளகும் சேர்ந்தால் கிறிஸ்துமஸின் ருசி போய்விடும் என்று அவர் நினைப்பதற்கு இடமில்லை. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துக் கிறிஸ்துமஸ் மசாலாப் பண்டமான லெப்குக்கனில் பட்டை, கிராம்போடு ஏலக்காயும் மல்லி விதையும் சேரும். அதே நாட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சிறிய உருண்டைப் பிஸ்கட்டுகளான ஃபெஃபர்நூஸ்ஸேவில் மிளகு சேர்ப்பதுண்டு. சுவீடனில் டிசம்பர் 13 அன்று புனித லூசியாவின் திருநாளுக்குக் குங்குமப்பூ போட்ட மஞ்சள் நிறப் பன்களைச் சுடுகிறார்கள். நார்வேயின் கிறிஸ்துமஸ் ரொட்டி ஏலக்காய் இல்லாமல் முழுமையாவதில்லை. இங்கிலாந்தில் கேக்குக்கென்றே விற்கும் கலவைத்தூளிலும் மல்லித்தூள் இடம்பெறுவதுண்டு என்பதைக் கேட்டால் உங்கள் மாமியார் சற்று அதிர்ச்சியடையக்கூடும். குளிர்காலத்துப் பண்டிகைக்கு விலை உயர்ந்த வாசனைப் பொருள்களைச் சேர்த்துச் சமைப்பது ஐரோப்பாவின் பழைய வழக்கம். ஒவ்வோர் ஊரும் தன் கைக்கு எட்டியதையும் தன் நாக்குக்குப் பிடித்ததையும் அதில் எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் மூன்று நின்றிருக்கின்றன, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் இது புதிய முயற்சி என்று சொல்ல முடியாது. தலச்சேரியில் 1880ல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கிய மாம்பள்ளி பாப்பு, 1883ல் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்தின் உரிமையாளர் மர்டாக் பிரவுன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்றும், பிரெஞ்சுப் பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்றும் அங்கே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அலகாபாத்தின் கேக்கில் வெண்ணெயின் இடத்தை நெய்யும், உலர்பழங்களில் ஒரு பகுதியின் இடத்தைச் சர்க்கரைப்பாகில் ஊறிய பூசணித் துண்டுகளான பேட்டாவும் பிடித்துக்கொள்ள, சோம்பும் ஜாதிபத்திரியும் சுக்கும் உடன் சேர்கின்றன. இலங்கையில் ரவையும் முந்திரியும் போட்டுச் செய்யும் லவ் கேக்கில் ஏலக்காயும் பன்னீரும் மணக்கும். இந்த மூன்றில் என் வாக்கு அலகாபாத்துக்கு. காரணம், அங்கே வாசனைப் பொருளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடாமல், கொழுப்பையும் பழத்தையும் சேர்த்து மாற்றினார்கள். அதனால் சோம்பு அதில் ஒட்டவைத்ததுபோல் நிற்பதில்லை. உங்கள் வீட்டுப் பலகாரத் தட்டிலேயே கேக்குக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்த அச்சு முறுக்கும் கலகலாவும் இருக்குமே, அவற்றை மாமியார் கிறிஸ்துமஸ் பலகாரமாகத்தானே ஏற்றுக்கொண்டிருக்கிறார்?

இனி எதை, எவ்வளவு என்பது.

கரம் மசாலாவை முதலில் விலக்கிவிடுங்கள். கடையில் பாக்கெட்டில் விற்கும் தூளில் சீரகம், மல்லி, பிரிஞ்சி இலை, கறுப்பு ஏலக்காய், சிலவற்றில் கல்பாசியும் மிளகாயும்கூடக் கலந்திருக்கும். எண்ணெயில் வதங்கிய வெங்காயத்தோடும் இறைச்சியோடும் சேர்வதற்காகவே உருவான கலவை அது. சர்க்கரையும் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த மாவில் சீரகத்தின் மணம் அடுப்பின் சூட்டுக்கும் அடங்காமல் தனியே எழுந்துநிற்கும். சாப்பிடுபவருக்குக் கேக்கின் நடுவே குருமாவின் நினைவு வரும். டிசம்பரில் சென்னையின் பேக்கரிகளில் இப்போது மசாலா டீ கேக், குலாப் ஜாமூன் கேக், ரசமலாய் கேக் என்று வரிசையாக வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சர்க்கரைப்பாகில் நனைத்த சாதாரண ஸ்பஞ்ச் என்பதே என் கருத்து. உங்கள் மகள் அவற்றை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

ஏலக்காய் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது கிராம்பைக் குறைத்தாக வேண்டும். கிராம்பின் எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் யூஜெனால், பல்வலிக்கு அதைக் கடித்துக்கொள்ளும்போது நாக்கை மரத்துப்போகச் செய்யும் அதே பொருள். அளவு சற்று மிஞ்சினாலும் பக்கத்தில் உள்ள மென்மையான மணங்களை அது தெரியவிடாது. 250 கிராம் மைதாவுக்கு மாமியார் பட்டைத்தூள் 1 தேக்கரண்டி, கிராம்புத்தூளும் ஜாதிக்காய்த் துருவலும் ஆளுக்குக் கால் தேக்கரண்டி என்று போடுபவராக இருந்தால், கிராம்பை ஒரு சிட்டிகையாகக் குறைத்துவிட்டு, தோல் நீக்கி விதையை மட்டும் பொடித்த ஏலக்காய் அரைத் தேக்கரண்டி சேர்க்கச் சொல்லுங்கள். தோலோடு அரைத்த தூள் மரத்தூளின் ருசியைத்தான் தரும். ஜாதிக்காயைக் கூட்ட வேண்டாம். கூடினால் கசக்கும், மிக அதிகமானால் உடம்புக்கும் ஆகாது.

மிளகு, கறுப்பாகக் காய்ச்சிய சர்க்கரைப்பாகு சேரும் கேக்குக்கு மிகப் பொருத்தமானது. அந்தப் பாகின் லேசான கசப்புக்கு அடியில், விழுங்கிய பிறகு தொண்டையில் மட்டும் தெரியும் ஒரு சூட்டை மிளகு கொடுக்கும். அதற்குக் கால் தேக்கரண்டி புதிதாகப் பொடித்த மிளகு போதும். சுக்கும் சேர்ப்பதானால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இஞ்சி காயும்போது அதிலுள்ள காரப்பொருளின் ஒரு பகுதி இன்னும் காரமான வேறொன்றாக மாறுவதால், சுக்கு பச்சை இஞ்சியைவிட உறைப்பானது. சோம்பை, ஆரஞ்சுத் தோலோ பூசணி பேட்டாவோ கேக்கில் தாராளமாக இருந்தால் மட்டும் சேருங்கள். கறுப்புத் திராட்சையும் பேரீச்சையும் மிகுந்த உங்கள் வீட்டுக் கேக்கில் அதற்கு வேலை இருக்காது. ஏலக்காய், மிளகு, சுக்கு, சோம்பு ஆகிய நான்கையும் ஒரே ஆண்டில் நுழைக்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பின்னர் குறை தென்பட்டால் எதில் கை வைப்பது என்பது தெளிவாகத் தெரியும்.

வாசனைப் பொருள்களின் மணம் பெரும்பாலும் கொழுப்பில் கரைவது. பொடித்தவற்றை மைதாவோடு சலித்துச் சேர்ப்பதைக்காட்டிலும், வெண்ணெயில் ஒரு பகுதியை மட்டும் உருக்கி அதில் மிகக் குறைந்த தீயில் ஒரு நிமிடம் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு, பிறகு மற்ற வெண்ணெயோடு சேர்த்துக் குழைத்தால் குறைந்த அளவிலேயே நல்ல மணம் கிடைக்கும். மிளகாய் அரைத்த மிக்ஸி ஜாரை இதற்குத் தொடவே கூடாது என்பதை உங்கள் மகளுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மளிகைக் கடைகளில் பிரியாணிக்கென்று கிடைக்கும் தடித்த, முரடான பட்டை பெரும்பாலும் சீனம், வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் காசியா வகை. அதன் மணம் வலுவானது. நீண்ட நேரம் வேகும் கறுப்புப் பழக்கேக்கில் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் பட்டை சேர்ந்த பண்டிகைக்கால அடுமனைப் பண்டங்களில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரின்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு துண்டு கேக் சாப்பிடும் நமக்கு அதனால் கவலை இல்லை. மாதம் முழுவதும் பட்டைப் பிஸ்கட் சாப்பிடும் சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூமரின் மிகக் குறைவாக உள்ள இலங்கைச் சுருள் பட்டையை வாங்குங்கள். வெண்ணெய் பிஸ்கட் போன்ற மென்மையான பண்டங்களுக்கு அதுவே ருசியிலும் மேலானது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கும் பன் செய்வதாக இருந்தால், பட்டைத்தூளை மாவோடு பிசையாமல் நடுவில் தடவிச் சுருட்ட வேண்டும்; பட்டையின் எண்ணெய் ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடும்.

திராட்சைச் சாற்றைப் பொறுத்தவரை உங்கள் வீட்டு வழக்கத்தில் குறை ஒன்றுமில்லை. சாற்றில் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, தட்டிய ஏலக்காய் நான்கு ஆகியவற்றைத் துணியில் முடிந்து போட்டுக் கொதிக்கவைத்து, முடிச்சை எடுத்துவிட்டு, ஆறிய பின் பழங்களை ஊறப்போட்டால், நறுமணம் பழத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும்; மாவில் சேர்க்கும் தூளை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் ஊறவைப்பது ரம்முக்கு மட்டுமே உரிய வசதி. சாற்றில் ஊறும் பழம் சென்னையின் டிசம்பரிலும் வெளியே இருந்தால் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் கேக்கைச் சுட்டுவிடுங்கள். சுட்ட கேக்கை இரண்டு மூன்று நாள் நன்றாகச் சுற்றி வைத்துவிட்டு வெட்டுங்கள்; முதல் நாளில் தூக்கலாகத் தெரியும் கிராம்பும் மிளகும் அதற்குள் அடங்கியிருக்கும். மாமியாரிடம் முதல் நாளே ஒரு துண்டை நீட்டித் தீர்ப்புக் கேட்பது மகளுக்கு நல்லதல்ல.

கோழி விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இறைச்சி எந்த மசாலாவையும் தாங்கும், சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மஞ்சள் சாதத்தோடும் இறைச்சி உருண்டைக் குழம்போடும் கிறிஸ்துமஸைக் கொண்டாடிவந்தவர்கள்தாம். மிளகு, இடித்த பூண்டு, இஞ்சி, ஒரு சிட்டிகை ஜாதிபத்திரி ஆகியவற்றை மெத்தென்றிருக்கும் வெண்ணெயில் குழைத்து, தோலுக்கு அடியில் விரலால் நன்றாகத் தடவி, முதல் நாள் இரவே உப்பிட்டு வைத்துவிடுங்கள். தூள் மசாலாவைத் தோலின் மேல் பூசினால் அடுப்பின் சூட்டில் கருகிக் கசந்துவிடும் என்பதால்தான் அடியில் தடவச் சொல்கிறேன். அன்றைய விருந்தில் பிரியாணியும் இருக்குமானால் ஜாதிபத்திரியை விட்டுவிடுங்கள். மிளகும் பூண்டும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் போதும்.

அன்புடன்.