ஏற்காடு மாடலில் ரயில் வழுக்குதா? சரிவைக் குறைங்க

வணக்கங்க. பொண்ணோட ஸ்கூல் கண்காட்சிக்குச் செய்யற ஏற்காடு மலை மாடல்ல பேட்டரி ரயில் ஏறாம வழுக்குதுன்னு எழுதியிருந்தீங்க. மோட்டாரை மாத்தாதீங்க, சரிவுதான் பிரச்சினை.

இரும்புத் தண்டவாளத்துல இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு ரொம்பக் குறைவு. 40 அடிக்கு 1 அடி ஏத்தமே நிஜ என்ஜினைத் திணற வைக்கும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். அந்தக் கணக்குல 48 கிலோமீட்டர் பாதை வேணும். அதான் அன்னிக்கு ஜோலார்பேட்டையில இருந்து லைன் போட்டவங்க ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை மேல ஏறாம, பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டைன்னு மலையைச் சுத்திக்கிட்டு சேலம் வந்தாங்க.

ஊட்டி ரயில்ல கல்லார்-குன்னூர் ஏத்தம் சுமார் 12 அடிக்கு 1 அடி. வெறும் சக்கரப் பிடிப்பு அதுக்குப் பத்தாது. அதனால 1899ல குன்னூர் வரை திறந்தப்பவே தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு பல்பட்டை (பல்லு வெச்ச இரும்புப் பட்டை, என்ஜினோட பல்சக்கரம் இதைப் பிடிச்சு ஏறும்) வெச்சாங்க. ரெண்டு பட்டையோட பல்லுங்களும் ஒன்னுக்கொன்னு தள்ளியிருக்கும். ஒன்னு விடறதுக்குள்ள அடுத்தது பிடிச்சிருக்கும். பொண்ணுக்கு அதை அவசியம் காட்டுங்க, அவ்வளவு அழகான வேலை!

நீங்க 10 செ.மீ. ஏத்தறதுக்கு 3 மீட்டர் பாதையை தெர்மாகோல் மலையைச் சுத்தி விடுங்க. என்ஜின் சக்கரத்துல மெல்லிசா ரப்பர் வளையம் மாட்டினா இன்னும் நல்லாப் பிடிக்கும். வளைவை மட்டும் இறுக்காதீங்க, பெட்டி உள்பக்கமா சாஞ்சிடும்.