பின்னால் நிற்கிற பிள்ளை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 22 வயது. படிப்பை முடித்துவிட்டுக் கொடைக்கானலிலேயே இருக்கிறான். பேஸ் கிடார், அதாவது அடிச்சுருதியில் ஒலிக்கிற தடிக்கம்பிக் கிடார் வாசிக்கிறான், அதிலும் ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைத்தான் வாசிப்பேன் என்கிறான். சீசனில் ரிசார்ட்டுகளில் வாசித்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறான். மற்ற நாட்களில் சோலைக்காட்டு ஓரம் நாற்று நடப் போகிறான், முதியோர் இல்லத்தில் போய் வாசிக்கிறான், அதற்கெல்லாம் காசு வாங்குவதில்லை. முன்னால் நின்று பாடினாலாவது பெயர் வரும். பின்னால் நிற்கிற இந்த வாத்தியத்தை வைத்து ஒரு ஆள் பிழைக்க முடியுமா?
– ஓர் அம்மா, அட்டுவம்பட்டி

பதில்: பிழைக்கலாம் அம்மா. ஆனால் மலையிலேயே இருந்துகொண்டு பேஸை மட்டும் நம்பினால் வருஷத்தில் நாலைந்து மாதம்தான் ஓடும். ஏப்ரல், மே, அப்புறம் கிறிஸ்துமஸ், புது வருஷம், நடுவில் ஒன்றிரண்டு கல்யாண ரிசப்ஷன். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ரிசார்ட்டே காலியாகக் கிடக்கும், யாருக்கு வாசிப்பது? அதனால் கூடவே ஒரு தொழில் இருக்கட்டும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதோ, சவுண்ட் சிஸ்டம் பார்ப்பதோ. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ப்ளூஸ் உலகமே கொண்டாடுகிற மடி வாட்டர்ஸ், சிகாகோவுக்கு வந்த புதிதில் பகலில் லாரி ஓட்டி ராத்திரியில் வாசித்தவர்.

பின்னால் நிற்கிற வாத்தியம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் ரொம்ப வருஷம் சர்ச் குழுவில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தவன். ப்ளூஸில் ஒரு சுற்று என்பது பெரும்பாலும் 12 பார், பார் என்றால் நம் தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் மாதிரி. ச-வில் நான்கு, ம-வில் இரண்டு, திரும்ப ச-வில் இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, கடைசியில் ச-வில் இரண்டு. பாடுகிறவர் வரியை மறக்கலாம், கிடார்காரர் எங்கேயோ பறந்து போகலாம், இப்போது எத்தனையாவது பாரில் இருக்கிறோம் என்பதைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது பேஸ். அது ஒரு நொடி நின்றுபோனால், ஏன் என்று தெரியாமலேயே மேடையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வில்லி டிக்ஸன் என்று ஒருவர். 1915-இல் மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். சிகாகோ போய்க் குத்துச்சண்டை போட்டார், 1937-இல் கோல்டன் கிளவ்ஸ் போட்டியில் இல்லினாய் மாநிலப் பட்டமும் வாங்கினார். அவருக்குக் கிடைத்த முதல் பேஸ், ஒரு நண்பர் தகர டப்பாவில் ஒற்றைக் கம்பி கட்டிக் கொடுத்தது. பிறகு ஆள் உயரப் பேஸை நிமிர்த்தி வைத்து வாசித்தார், செஸ் என்ற ரிக்கார்டிங் கம்பெனியில் மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், சக் பெரி என்று எத்தனையோ பேருக்குப் பின்னால் நின்றார், நூற்றுக்கணக்கில் பாட்டும் எழுதினார். அந்தப் பாட்டுகள் இங்கிலாந்து வரை போய் அங்கே ராக் குழுக்களைப் பணக்காரர்களாக்கின, எழுதியவர் கைக்கு வர வேண்டிய பணமோ முழுசாக வரவில்லை. எழுபது வயதில் அந்த ராக் குழுக்களில் ஒன்றான லெட் செப்பெலின் மேல், தன் பாட்டை எடுத்துக்கொண்டதாக வழக்குப் போட்டார், 1987-இல் சமரசமாக முடிந்தது.

அவரை நான் இவ்வளவு சொல்வது அதற்கடுத்த காரியத்துக்காக. சர்க்கரை வியாதியால் 1977-இலேயே ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அந்த உடம்போடு 1980-களில் ‘ப்ளூஸ் ஹெவன்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். தன்னைப் போல ஏமாந்த மற்ற ப்ளூஸ் கலைஞர்களுக்கு ராயல்டியும் (பாட்டைப் பயன்படுத்தும்போது படைத்தவருக்கு வர வேண்டிய பங்குப் பணம்) பாட்டு உரிமையும் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. 1992-இல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் அவர் மனைவி அந்தப் பழைய செஸ் கட்டடத்தையே அறக்கட்டளைக்காக வாங்கினார். டிக்ஸன் மேடையில் செய்ததும் இந்த அறக்கட்டளையும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது, அடுத்தவர் விழாமல் பின்னால் நின்று தாங்குவது. உங்கள் பையன் ராத்திரி ரிசார்ட்டில் வாசித்துவிட்டுக் காலையில் வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தை வெட்டிய இடத்தில் சோலை நாற்று நடுகிறான் என்றால், அவன் இரண்டு பக்கம் இழுபடுகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. சோலை மரம் எவ்வளவு மெதுவாக வளரும் என்று உங்களுக்கே தெரியும், அதை நடுகிறவனுக்குப் பொறுமை உண்டு, பேஸுக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

ஆனால் சேவை வேறு, ஏமாளித்தனம் வேறு, இதை மட்டும் கண்டிப்பாக அவனிடம் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் சும்மா வாசிக்கட்டும். ரிசார்ட்டில் ‘தம்பி, சாப்பாடு போட்டுவிடுகிறோம், விளம்பரம் கிடைக்கும்’ என்றால் ஒத்துக்கொள்ளக் கூடாது. என் இளவயதில் ஒரு கேசட்டுக்கு ஆறு பாட்டு வாசித்தேன், பெயரும் போடவில்லை, பேசிய பணமும் வரவில்லை, எழுத்தில் எதுவும் வாங்காததால் கேட்கவும் வழியில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது. இப்போது நிலைமை பரவாயில்லை. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் மட்டுமல்ல, வாசித்தவருக்கும் ராயல்டி கேட்க இடம் இருக்கிறது. சொந்தமாக மெட்டுப் போட்டால், பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகட்டும். எந்த ரிக்கார்டிங்காக இருந்தாலும் வாசிப்பதற்கு முன்னாலேயே ஒரு தாளிலாவது தொகையும் பெயரும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு நாள் அவன் வாசிக்கிற இடத்துக்கு நீங்களும் போங்கள் அம்மா. முதியோர் இல்லத்துக்கே போங்கள், பின்வரிசையில் உட்காராமல் அவன் கை தெரிகிற இடத்தில் உட்காருங்கள்.

கேள்வி: ப்ளூஸ் என்பது அவர்கள் ஊர் ஒப்பாரியா?
– ஒரு வாசகர், பண்ணைக்காடு

பதில்: துக்கம் இருக்கிறது, ஆனால் சாவு வீட்டுப் பாட்டு இல்லை. அமெரிக்காவின் தெற்கில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்களிடம் பிறந்தது. கூலி, பிரிவு, காதல், வெள்ளம், போலீஸ் எல்லாம் பாட்டில் வரும், கிண்டலும் நிறைய இருக்கும். பெரும்பாலும் ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே இன்னொரு தடவை பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். நம் பக்கம் நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, ஒப்பிடுவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: மழைக்காலத்தில் என் பேஸ் கிடாரின் கழுத்து முன்பக்கமாக வளைந்து கம்பிகள் உயர்ந்துவிட்டன. என்ன செய்ய?
– ஒரு மாணவர், நாயுடுபுரம்

பதில்: ஈரத்தில் மரம் இப்படிச் செய்யும். கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது, ட்ரஸ் ராட் என்பார்கள். நான்கு கம்பிகளையும் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டு, ஆலன் சாவியால் (அறுகோண முனை உள்ள சாவி) அந்த ராடின் முனையைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கணப்பு அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்க வேண்டாம், மரம் வெடித்துவிடும். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். சாவி இறுக்கமாக இருந்தால் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டாம், அடுத்த தடவை மதுரைக்குப் பஸ் ஏறும்போது பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.